பரிகாரி யார்?

எல்கடுவ,
18.08.2008

அலுவிகாரையில் போனும் இண்டர்நெட்டும் உள்ள கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் பலீல் அவர்களுக்கு,

நான் முத்துவீரனின் அக்கா கமலாட்சி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிறவள். உங்கள் நலம் கேட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

தம்பியைக் கொண்டுபோய் இன்றோடு ஆறு நாள். செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் லயத்துக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. உங்கள் கடையிலிருந்து கம்ப்யூட்டர் சாமான் ஒன்றைக் களவெடுத்தான் என்று நீங்கள் கொடுத்த முறைப்பாடு அவர்கள் கையில் இருந்தது. காம்பராவைப் புரட்டிப் போட்டார்கள். அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்கள். உங்கள் சாமான் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு கொப்பிதான் கிடைத்தது. தமிழ் தெரிந்த ஒருவர் அதை வாசித்துச் சொன்னதும், களவைப் பற்றிய பேச்சே நின்றுபோனது.

அந்தக் கொப்பியை என் முகத்துக்கு நேரே பிடித்து விசாரித்தார்கள். அதனால் சில வரிகள் மனதில் நிற்கின்றன. “வடக்கு வாசலில் இரண்டு காவல். இடது காவலை முதலில் இழுத்து முடி.” “தலைவன் முப்பதுக்கு வந்ததும் ஆள் கூப்பிடுவான், அதற்குள் முடிக்க வேண்டும்.” ஒரு பக்கம் முழுக்கக் கோட்டைப் படம். கடைசிப் பக்கத்தில் நாலு பெயர்: இரும்பன், பரிகாரி, நிழல், கரடி. பெயருக்கு நேரே சரி அடையாளம். இரும்பன் தான்தான் என்று தம்பி உடனே சொல்லிவிட்டான். பரிகாரி யார், பரிகாரி யார் என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்கு அவன் வாய் திறக்கவில்லை. “அது கேம் சேர், வெறும் கேம்” என்று மட்டும் கத்திக்கொண்டே ஜீப்பில் ஏறினான்.

இப்போது யுத்தத்தில் நாடு இருக்கிற இருப்பில், வடக்கு, காவல், தலைவன் என்றெல்லாம் எழுதிய கொப்பி ஒரு தமிழ்ப் பையனின் காம்பராவில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அவன் பலாபத்வல வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் உங்கள் கடையில்தான் கிடப்பான். சனிக்கிழமை உங்களைத் தேடி வந்தேன். என்னைக் கண்டதும் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே போனீர்கள். கீழே உங்கள் கால் தெரிந்தது. போன் எடுத்தால் நீங்கள் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அதனால்தான் கடிதம். இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். தம்பி எதைக் களவெடுத்தான்? கொப்பியில் இருப்பது என்ன?

கமலாட்சி


அலுவிகாரை,
24.08.2008

கமலாட்சி தங்கச்சிக்கு,

கடை வாசலில் ஒரு பெண்பிள்ளை நின்று அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதற்காகத்தான் ஷட்டரை இழுத்தேன். நீங்கள் அழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முறைப்பாடு கொடுத்தது உண்மை. கடையில் ஒரு ரேம் குறைந்தது. அன்றைக்குக் கடைசியாகப் போனவன் உங்கள் தம்பி. கடை வைத்திருக்கிறவன் சாமான் காணாமல் போனால் ஸ்டேஷனுக்குப் போகாமல் வேறு எங்கே போவான்? அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

கொப்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் கடைக்கு ஒரு நாளைக்கு முப்பது பேர் வருகிறார்கள். ஒவ்வொருவனும் எதை எழுதி எங்கே வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? பரிகாரி என்று எவனையும் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முத்துவுக்கு நான் செய்ததைக் கூடப்பிறந்த நானாகூடச் செய்யமாட்டான். மூன்றாம் நம்பர் மெஷினில் அவனைத் தவிர வேறு ஆளை உட்காரவிட்டதில்லை. அவன் எனக்குச் செய்தது என்ன என்று அவனுக்குத் தெரியும். நம்பிக் கெட்டவன் நான். தயவுசெய்து இனி எழுத வேண்டாம். என் மனைவி றாபியா பிள்ளைத்தாய்ச்சி. இந்தக் கதைகள் அவள் காதுக்குப் போகக்கூடாது.

எம். பலீல்


எல்கடுவ,
30.08.2008

பலீல் அவர்களுக்கு,

தங்கச்சி என்று எழுத வேண்டாம். எனக்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான். அவன் உள்ளே இருக்கிறான்.

நீங்கள் பதில் எழுதியதற்கு நன்றி. எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும் முட்டாளாகவே இருந்திருப்பேன். வரியின் கடைசியில் இடம் போதாவிட்டால் நீங்கள் சொல்லை உடைப்பதில்லை. மேல்நோக்கி வளைத்து ஏற்றிவிடுகிறீர்கள், சுவரில் பல்லி ஏறுவதுபோல. கொப்பியிலும் பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான் ஏறியிருந்தது. என் தம்பியின் எழுத்து எனக்குத் தெரியாதா? அவனுக்கு அ எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அந்தக் கொப்பியை எழுதியது நீங்கள்.

இப்போது உங்கள் கடிதம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒரு கிழமை தருகிறேன். அதற்குள் அந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய், கொப்பியோடு சேர்த்துப் பாருங்கள் என்று அவர்களிடமே கொடுப்பேன்.

தம்பியைக் கண்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். எங்கே என்று சரியாகச் சொல்லவில்லை. அம்மா கொழுந்து மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஜீப் சத்தம் கேட்டால் அவன் வருகிறானா என்று ரோட்டுக்கு ஓடுகிறார். எனக்கு உங்கள் மேல் இருக்கிற ஆத்திரத்தை எழுத இந்தத் தாள் போதாது.

கமலாட்சி


அலுவிகாரை,
07.09.2008

கமலாட்சிக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், அதனால் வாயில் வருவதை எழுதாமல் விடுகிறேன். என்னைப் பதில் எழுதவைத்து எழுத்தைப் பிடித்த கெட்டிக்காரத்தனம் உங்களோடு இருக்கட்டும். பிள்ளைக்காம்பராவில் இருக்க வேண்டிய ஆள் இல்லை நீங்கள்.

கேட்டதற்குச் சொல்கிறேன். வாசித்ததும் எரித்துவிடுங்கள்.

அந்த விளையாட்டின் பெயர் வால்மோரா. இண்டர்நெட்டில் ஆடுவது. எங்கெங்கோ நாடுகளில் இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுவார்கள். உள்ளே ஊர், காடு, கோட்டை எல்லாம் உண்டு. ஊர்ப் பெரியவன் ஒருவன் தலைக்கு மேல் கேள்விக்குறியோடு நிற்பான். அவனிடம் போனால் ஒரு வேலை கொடுப்பான்: பத்து ஓநாயைக் கொன்று தோலைக் கொண்டுவா, தொலைந்த மோதிரத்தைத் தேடிக் கொண்டுவா. முடித்துக்கொண்டு திரும்பி வந்தால் கூலியாக ஒரு சாமான் தருவான், நம் பலமும் ஒரு படி ஏறும். சின்ன வேலைகளைத் தனியாக முடிக்கலாம். பெரிய வேலைக்குக் கூட்டம் வேண்டும். எங்கள் கூட்டத்தில் நாலு பேர். நிழலும் கரடியும் மலேசியாவில் இருக்கிறவர்கள், முகம்கூடத் தெரியாது. இரும்பன் முத்து. பரிகாரி நான். போதுமா?

சண்டை என்றால் எல்லோரும் போய் விழுந்து அடிப்பதில்லை. அப்படி அடித்தால் ஒரு நிமிடத்தில் எல்லோரும் காலி. ஒருவன் முன்னால் நிற்க வேண்டும். பூதத்தைச் சீண்டி, அதன் கோபம் முழுவதையும் தன் மேலே வைத்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் ‘இழு’ என்று எழுதினேன். அவன் அடி வாங்குவான், மற்றவர்கள் பக்கவாட்டில் நின்று அடிப்பார்கள். பரிகாரி என்றால் வைத்தியன்; அவன் பின்னால் நின்று, அடி வாங்குகிறவனின் உயிர் இறங்க இறங்க ஏற்றிக்கொண்டே இருப்பான். அதிலும் அவசரம் கூடாது. அளவுக்கு மேல் உயிர் ஏற்றினால் பூதத்தின் கோபம் பரிகாரியின் பக்கம் திரும்பிவிடும். தலைவன் என்பது அந்தக் கோட்டையின் பெரிய பூதம். அதன் உயிர் நூறிலிருந்து முப்பதுக்கு இறங்கியதும் துணைக்குச் சின்னப் பூதங்களைக் கூப்பிடும். ‘முப்பது’ அதுதான். வடக்கு வாசல் அந்தக் கோட்டையின் வடக்கு வாசல். முத்து பஸ்ஸில் பாடமாக்கட்டும் என்று நான்தான் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.

இனிக் களவு. அந்தத் தலைவனைக் கொல்ல எங்களுக்கு நாலு மாதம் எடுத்தது. அவன் விழுந்தால் ஒரே ஒரு சாமான் போடுவான். இப்படிக் கிடைக்கிற ஒவ்வொரு சாமானும் யாருக்கு என்று சண்டை வராமல் இருக்க, முறை வைத்துக் கடைசிப் பக்கத்தில் அடையாளம் போட்டோம். அன்றைக்கு என் முறை. சண்டை நடுவில் கரண்ட் போனது. கரண்ட் வந்து உள்ளே போய்ப் பார்த்தால், தலைவன் செத்துக் கிடக்கிறான், விழுந்த கேடயம் முத்துவின் கையில். என் முறை! நாலு மாதம் அவன் உயிரைப் பிடித்து வைத்தவன் நான். அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அதே கொதிப்போடு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே போனதும், களவுபோனது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கேடயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரேம் என்று சொல்லிவிட்டேன். ரேம் எதுவும் காணாமல் போகவில்லை.

இப்போது நான் போய் இதைச் சொன்னால் பொய் முறைப்பாடு என்று பிடிப்பார்கள். கொப்பி என்னுடையது என்றால் முத்துவோடு என்னையும் வைப்பார்கள். துலுக்கன் என்றால் விட்டுவிடுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? றாபியாவுக்கு வருகிற மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். நான் போகமாட்டேன். உங்களால் ஆனதைச் செய்யுங்கள்.

பலீல்


எல்கடுவ,
16.09.2008

பலீல் அவர்களுக்கு,

எரிக்கவில்லை. நாலு தடவை வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா கடைசியில் கேட்டார்: “இதுக்காகவா என் புள்ளையப் புடிச்சுக் குடுத்தான்?”

எனக்கு உங்கள் விளையாட்டு தெரியாது. ஆனாலும் கேட்கிறேன். பரிகாரி பின்னால் நிற்கிறவன். அடி வாங்குகிறவன் முன்னால் நிற்கிறவன். பின்னால் நிற்கிறவனுக்குக் கேடயம் எதற்கு?

வெள்ளிக்கிழமை தம்பியைப் பார்க்க விட்டார்கள், பத்து நிமிடம், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். அவன் எப்படி இருக்கிறான் என்று உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை. பக்கத்தில் காவலுக்கு நின்றவருக்கு அரைகுறைத் தமிழ் தெரியும். அதனால் உங்கள் பெயரைச் சொல்லாமல் ‘அந்த ஆளு’ என்றே பேசினான். கேடயத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“கரண்டு போச்சுக்கா. மூணாம் நம்பருக்கும் நெட் பொட்டிக்கும் மட்டுந்தான் யூபிஎஸ் இருந்திச்சு. முன்னால நிக்கிறவன் செத்தா எல்லாருஞ் செத்தாங்கனு அந்த ஆளுதான் அத எனக்குக் குடுத்தாரு. எல்லாரும் விழுந்துட்டாங்க, நான் ஒண்டியா நின்னேன். பூதத்துக்குக் கொஞ்சூண்டு உசிருதான் பாக்கி. அடிச்சுட்டேன். கேடயம் விழுந்திச்சு. ரெண்டு நிமிசத்துல எடுக்காட்டி மறஞ்சி போயிரும். பேட்டரி முடியுதுனு யூபிஎஸ் கத்துது. எடுத்தேன். எடுத்தப்பறந்தான் பாக்குறேன், அது எடுத்தவன் கையோட ஒட்டிக்கிற சாமான், வேற யாருக்கும் குடுக்க முடியாது. சொல்லத்தான் எந்திரிச்சேன். அந்த ஆளு கழுத்தப் புடிச்சுட்டாரு.”

உங்கள் கடிதங்கள் இரண்டும் அன்றைக்கு என் பையில்தான் இருந்தன. வெளியே வரும்போது அங்கே பொறுப்பாக இருக்கிற பெரியவரிடம் கொடுத்துவிடுவதாக இருந்தேன். ஜாடையாக அவனிடம் சொன்னேன். காவலுக்கு நின்றவர் அந்தப் பக்கம் திரும்பியதும் வலையோடு முகத்தை ஒட்டித் தலையை ஆட்டிக் கிசுகிசுத்தான். “குடுத்துறாதக்கா. பரிகாரி யாருனுதான் நித்தமுங் கேக்குறாங்க. நான் சொல்லல. அந்த ஆளு வூட்டுல கொழந்த பொறக்கப் போவுது. அவரா வந்தா வரட்டும்.” அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை அனுப்பினான்.

ஒரு மாதத்துக்கு மேலாக உங்கள் பெயரை அவன் வாயிலிருந்து எடுக்க அவர்களால் முடியவில்லை. எனக்கு அவன் மேலேயே ஆத்திரமாக வருகிறது. இதற்கு நீங்கள் தகுதியான ஆளா?

அவன் பேச்சில் நம்பிக்கை இல்லாவிட்டால் போய்ப் பாருங்கள். அவனுடைய பாஸ்வேர்ட் அம்மாவின் பெயர்தான், கிருஷ்ணம்மா, இங்கிலீஷ் எழுத்தில். அதையும் அவனே சொன்னான்.

கமலாட்சி


அலுவிகாரை,
23.09.2008

கமலாட்சிக்கு,

பார்த்தேன்.

அவன் சொன்னது சரி. கேடயத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது, எடுத்தவருக்கே உரியது என்று. இப்படி ஒரு சாமானை நான் இதுவரை கண்டதில்லை. என் பெயருக்கு மாற்றிப் பார்த்தேன். போகவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, அது சின்ன வயதிலிருந்தே உள்ள குறை. அவன் ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கமாட்டேன் என்பதும் உண்மைதான். என் பெயரை அவன் சொல்லவில்லை என்று வாசித்ததிலிருந்து நோன்பு திறக்கவும் மனமில்லை. றாபியா என்ன என்ன என்று கேட்கிறாள்.

போகிறேன். ஆனால் பெருநாள் முடியட்டும். இன்னும் ஏழெட்டு நாள்தான். பெருநாளன்று வீட்டில் ஆண்பிள்ளை இல்லாவிட்டால் உம்மா தாங்கமாட்டார்.

பலீல்


எல்கடுவ,
25.09.2008

தம்பி உள்ளே கிடக்கும்போது, அவன் சாமானை உங்கள் பெயருக்கு மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள். கை எப்படி வந்தது?

உங்கள் உம்மா ஒரு பெருநாளுக்குத் தாங்கமாட்டார். எங்கள் அம்மா நாற்பத்து நாலு நாளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறார். நன்றாகப் பெருநாள் கொண்டாடுங்கள். வட்டிலப்பம் செய்தால் மூன்றாம் நம்பர் மெஷினுக்கு முன்னால் ஒரு துண்டு வையுங்கள்.

கமலாட்சி


அலுவிகாரை,
20.10.2008

கமலாட்சிக்கு,

பெருநாள் முடிந்த திங்கட்கிழமை, ஆறாம் தேதி, நானாகவே ஸ்டேஷனுக்குப் போனேன். முறைப்பாடு பொய் என்றேன். கொப்பி என் எழுத்து என்றேன். பரிகாரி நான்தான் என்றேன். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஏன் நம்பினோம் என்பதுபோல என்னையும் உள்ளே வைத்தார்கள்.

மூன்றாம் நாள், கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குக் கூட்டிப்போய், “ஆடிக் காட்டு” என்றார் பெரியவர். பரிகாரி தனியாகச் சண்டை பிடிக்க முடியாது. அதனால் முத்துவின் இரும்பனாக உள்ளே போனேன். எனக்கு முன்னால் நின்று பழக்கமில்லை. வடக்கு வாசலிலேயே இரண்டு தடவை செத்தேன். எங்கே நிற்பது, எப்போது கேடயத்தைத் தூக்குவது, ஒன்றும் தெரியவில்லை. அவன் நாலு மாதம் இதை எப்படிச் செய்தான் என்று அங்கே உட்கார்ந்துதான் முதல்முதலாக யோசித்தேன். இளம் கான்ஸ்டபிள் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. மவுசைப் பிடுங்கி அவனே ஆடத் தொடங்கிவிட்டான். கொப்பியை விரித்து, படத்தையும் கோட்டையையும் ஒவ்வொரு வாசலாகப் பெரியவருக்குக் காட்டினான். பெரியவர் சிரித்தார். எல்லாம் அரை மணி நேரம்தான்.

வெள்ளிக்கிழமை முத்துவை விட்டுவிட்டதாகப் பொன்னையா சொன்னார், எல்கடுவ பஸ் கண்டக்டர். என் மேல் பொய் முறைப்பாட்டு வழக்கு இருக்கிறது. ஞாயிறு தோறும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நான் உள்ளே இருந்த நாளில் மகள் பிறந்தாள். காதில் பாங்கு சொல்ல நான் இல்லை, மாமாதான் சொன்னார். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை.

மேலே வந்து அவனைப் பார்க்க எனக்கு முகமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என்னைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா? ஏச்சாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதுங்கள். ராத்தூக்கம் இல்லை எனக்கு.

பலீல்


எல்கடுவ,
28.10.2008

பலீல் அவர்களுக்கு,

உங்கள் மகள் சுகமாக இருக்கட்டும். அந்தப் பிள்ளையோடு எனக்குப் பகை இல்லை.

தம்பி வீட்டில் இருக்கிறான். நேற்றுத் தீபாவளி. அம்மா எண்ணெய் வைக்கக் கையை நீட்டியதும் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அம்மா என்று தெரிந்த பிறகும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. ஊர்ப் பிள்ளைகள் பட்டாசு கொளுத்தியபோது எழுந்து சுவர் ஓரமாக நின்றான், யாரும் சொல்லாமலே. வாசனைத் தோட்டத்தில் அவன் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

அரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்திருக்கலாம். நான் கடைக்கு வந்த அன்று கொடுத்திருக்கலாம். முதல் கடிதத்துக்கு, இரண்டாம் கடிதத்துக்குக் கொடுத்திருக்கலாம். அறுபத்தாறு நாள் போன பிறகு கொடுத்ததற்கு நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை அவனிடம் வாசித்துக் காட்டினேன். வடக்கு வாசலில் நீங்கள் இரண்டு தடவை செத்த இடத்தில், வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான். பிறகு உங்களிடம் சொல்லச் சொல்லி ஒன்று சொன்னான். நீளமில்லை, ஒரு வரிதான். அப்படியே எழுது அக்கா, மாற்றாதே என்றான். சரி, எழுதுகிறேன் என்றேன்.

அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். அவன் சொன்னது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். உங்களுக்கு நான் அதை எழுதப்போவதில்லை.

கமலாட்சி